கையுறைக்குள் இருந்த சுகுமாறன்

என் அக்காள் வீட்டுக்காரர் சுகுமாறன் ஓர் ஆங்கிலப் படத்தில் நடித்தவர். முழு ஆளாக அல்ல, இரண்டு கைகள் மட்டும். அந்தக் கைகளும் தோல் கையுறைக்குள் இருந்தன. இப்படி ஒரு மச்சான் வாய்த்தால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? நான் இருக்கவில்லை. முப்பத்தைந்து வருடம் அவரைக் கிண்டலடித்து வாரியிருக்கிறேன். கல்யாண வீடு, காதுகுத்து, கோயில் திருவிழா, ஓர் இடத்தையும் விட்டதில்லை.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பெயர் லோகன். பிரிக்ஃபீல்ட்ஸில் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க அடுத்தவர் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக்கொண்டு நிற்கிற தொழில், அதனால் பேச்சு கொஞ்சம் கூடுதலாகவே வரும். என் மீசையை அந்த வட்டாரத்தில் தெரியாதவர்கள் கிடையாது. இருபது வயதில் விட்டது, இரண்டு முனையும் மேலே பார்த்து நிற்கும். தற்பெருமைக்காகச் சொல்லவில்லை, கதைக்கு இந்த மீசை வேண்டும். சரி, கொஞ்சம் தற்பெருமையும் உண்டு.

மச்சான் கேரி தீவில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவருக்கும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலை. இவர் இருபத்தொரு வயதில் லோரி ஓட்ட ஆரம்பித்தார். தோட்டத்துக் குலைகளை ஆலைக்கு ஏற்றிப் போனார். கல்யாணத்துக்குப் பிறகு பண்டமாரானில் வீடு, துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி. முதல் லோரியில் டீசல் மீட்டர் அடிக்கடி மாட்டிக்கொள்ளுமாம். ஆகவே காலையில் ஏறி உட்கார்ந்ததும் ஸ்டீரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மீட்டர் கண்ணாடியை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டித்தான் சாவியைத் திருப்புவார். லோரி மாறினாலும் தட்டுவது நிற்கவில்லை. நான் இரவல் கொடுத்த புத்தம்புதுக் காரையும் தட்டினார், எனக்கு வயிறு எரிந்தது. மூன்று வருடத்துக்கு முன் சர்க்கரை நோய் கண்ணைத் தொட்டது, லைசென்ஸைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார். அவர் வாழ்க்கையை அரசாங்கப் பாரத்தில் எழுதினால் நாலு வரிதான் வரும். ஐந்தாவது வரிதான் வம்பு.

1984-இல் ஒரு பிரிட்டிஷ் கம்பெனி கேரி தீவுக்குப் படம் எடுக்க வந்தது. ஜப்பான்காரன் மலாயாவுக்குள் நுழைந்த நேரத்துக் கதை. அடிபட்ட விமானத்தை ஒரு வெள்ளைக்கார விமானி தன்னந்தனியாக ஓட்டிக்கொண்டு தப்பிக்கப் பார்க்கிறான். விமானியாக நடித்தவர் ஜெரால்ட் ஃபென்விக். அப்போது அவரை அவர் ஊரிலேயே யாருக்கும் தெரியாது, நாடகங்களில் ஈட்டி பிடித்துக்கொண்டு பின்வரிசையில் நின்றவர். விமானமும் அவரைப் போல அரைகுறைதான், மூக்கும் விமானி உட்காரும் அறையும் உண்டு, வால் கிடையாது. அந்தப் பாதி விமானத்தை ஒரு லோரியில் கட்டி, தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓட்டினார்கள். கேமரா கீழேயிருந்து பார்க்கும்போது பின்னால் வானம் மட்டும் தெரியும், குண்டும் குழியும் தானாகவே விமானத்தை ஆட்டிக் கொடுக்கும். அந்த லோரி சுகுமாறனுடையது.

"அப்போ பிளேனை ஓட்டுனது யாரு? நான்தானே?" என்பார் மச்சான். இதில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்க எனக்கே முதல் தடவை கொஞ்ச நேரம் ஆயிற்று.

படப்பிடிப்பின் கடைசி நாளில் ஃபென்விக் ஒரு செம்பனை மட்டையில் தெரியாமல் கையை ஊன்றிவிட்டார். முள் ஏறி, வலது கை வாழைப்பூ மாதிரி வீங்கிப்போனது. கையுறை மாட்ட முடியவில்லை. விமானியின் கைகளை மட்டும் கிட்டத்தில் எடுக்கவேண்டிய ஒரு காட்சி பாக்கி. மறுநாள் எல்லாரும் ஊருக்குக் கிளம்பவேண்டும். டைரக்டர் அங்கே நின்றவர்களின் கைகளையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்து லோரிக்காரரிடம் நின்றார். கோட்டை மாட்டினார்கள், கையுறையை மாட்டினார்கள், உள்ளே உட்காரவைத்தார்கள். "உன் லோரி நடுவழியில நின்னுபோச்சுன்னு நெனச்சுக்கோ, மறுபடி ஸ்டார்ட் பண்ணு," என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி மொழிபெயர்த்துச் சொன்னாராம். இவர் பண்ணினார். டைரக்டர் "இன்னொரு தடவை, அதே மாதிரி," என்றாராம். அதே மாதிரி என்றால் எந்த மாதிரி என்று இவருக்கும் தெரியாது, கிராணிக்கும் தெரியாது. அவ்வளவுதான் மச்சானின் சினிமா வாழ்க்கை.

இந்தக் கதையை அவர் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த அன்றே சொன்னார். காப்பி ஆறிப்போனது. அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. "அண்ணே, அந்தப் பிளேனோட டயருக்குள்ள இருந்தது நான்தான், நீங்க கவனிக்கலையா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், குமுதா அக்காவும் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்துப்போயிற்று, விடவே இல்லை.

படம் இங்கே எந்தத் தியேட்டருக்கும் வரவில்லை. கிள்ளானில் ஒரு வீடியோ கடைக்காரரைப் பிடித்து, சிங்கப்பூரிலிருந்து ஒரு டேப்பை வரவழைத்தார் மச்சான். குடும்பம் மொத்தமும் உட்கார்ந்தோம். படம் முழுக்க மழை. "இதோ வருது, இதோ வருது பாரு," என்று எழுந்து நின்றார். சரியாக அந்த இடத்தில் திரை முழுக்கச் சாம்பல் கோடுகள் ஓடின, டேப் சிக்கி நின்றது. நான் எழுந்து நின்று கைதட்டினேன். மச்சான் மட்டும் டேப்பை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார். இதில் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்தக் காட்சியை அவரும் அன்றுவரை பார்த்ததில்லை, அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

ஆனால் ஃபென்விக்கை விடாமல் பார்த்தார். அந்த விமானப் படத்தோடு அவருக்கு நல்ல பெயர் வந்துவிட்டது. பிறகு டிவியில் ஒன்பது வருடம் ஒரு கிராமத்து டாக்டராக வந்தார். ஒரு சூப் விளம்பரத்தில் கரண்டியை உறிஞ்சினார். வயதான பிறகு ஒரு ராஜா வேடம், முதல் கால் மணி நேரத்திலேயே செத்துப்போகிற ராஜா. எதைப் பார்த்தாலும் மச்சான், "என் ஆளு லா," என்பார். போன வருடம் ஃபென்விக் இறந்த செய்தி வந்தது. அன்று முழுக்கச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். நான் போனில் கூப்பிட்டு, "மொட்டை போடணும்னா கடைக்கு வாங்க மச்சான், சொந்தக்காரங்களுக்கு ஃப்ரீதான்," என்றேன். போனை வைத்துவிட்டார்.

இந்த வருடம் அவர் மகள் வாணிக்குக் கல்யாணம் கூடிவந்தது. வாணி கிள்ளானில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளர். அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததே மச்சான்தான். மாப்பிள்ளை கிஷன், விளம்பரக் கம்பெனி ஒன்றில் படம் வெட்டி ஒட்டுகிற வேலை. அவன் அம்மா மலர்விழி ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, பார்த்தாலே கையைக் கட்டிக்கொள்ளத் தோன்றும். நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நான் பண்டமாரான் போயிருந்தேன். வாணி அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"அப்பா, நிச்சயத்தன்னைக்கு அந்த ஏரோப்பிளேன் கதை மட்டும் வேணாம், ப்ளீஸ். கிஷன் அம்மா ஒரு மாதிரி டைப். மாமா கிண்டல் பண்ணுவாரு, எல்லாரும் சிரிப்பாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடும்."

"சரிம்மா, சொல்லல," என்றார் மச்சான்.

நான் வாரும்போதெல்லாம் சண்டைக்கு வருகிற மனிதர் அன்று வரவில்லை. எழுந்து போய் வாசலில் இருந்த செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். காலையில்தான் ஊற்றியிருந்தார். வாணி என்னைப் பார்த்த பார்வையில், "எல்லாம் உங்களாலதான்," என்று இருந்தது. எனக்குச் சுருக்கென்றது, மறைக்கவில்லை. ஆனாலும் வாய் பழகிப்போச்சே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு கிஷன் வந்தான். வாணி தடை போடுவதற்கு முன்பே மச்சான் அவனிடம் கதையைச் சொல்லி முடித்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. பையன் மடிக்கணினியை எடுத்து டிவியில் இணைத்துக்கொண்டே, "அங்கிள், உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ். அந்தப் படத்தைப் புதுசாச் சுத்தம் பண்ணி வெளியிட்டிருக்காங்க. ஒரு கோடுகூட இல்ல, பளிங்கு மாதிரி இருக்கு," என்றான்.

மச்சான் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினேன். இல்லை. வெளிறிப்போயிருந்தார்.

"இப்போ எதுக்குப்பா, சாப்பிட்டுட்டு அப்புறம் பார்க்கலாம்," என்றார். சாப்பிட்டு முடித்ததும், "படம் ரொம்ப நீளம், உனக்கு வேலை இருக்கும்," என்றார். பிறகு கண் உறுத்துகிறது என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. மனிதர் பயப்படுகிறார். அந்தக் காட்சியைப் படத்தில் வைத்தார்களா, வெட்டி எறிந்தார்களா, அவருக்குத் தெரியாது. ஃபென்விக்கின் கை ஆறியதும் லண்டனில் வைத்து மறுபடி எடுத்திருக்கலாம். நாற்பது வருடமாகச் சொன்னதெல்லாம் மகள் கண் முன்னால், மாப்பிள்ளை முன்னால், பொய்யாகிவிடும். கோழையின் வாசனை எனக்கு நன்றாக வரும். உடனே காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

"என்ன மச்சான், பின்வாங்கறீங்க? போடுங்க லா. அது உங்க கைதான்னு இந்த வீட்டுல ஒருத்தர், ஒரே ஒருத்தர் ஒத்துக்கிட்டாங்கன்னா, என் மீசையை எடுத்துடறேன்."

"அதுக்காகவே நான் ஒத்துக்கறேன்டா," என்றாள் குமுதா அக்கா அடுப்படியிலிருந்து.

"உன் ஓட்டு செல்லாது."

"மாமா, போதும்," என்றாள் வாணி. ஆனால் மச்சான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிஷனிடம், "போடுப்பா," என்றார். வந்தது வரட்டும் என்கிற குரல்.

படம் ஓடியது. உண்மையிலேயே பளிங்குதான். ஃபென்விக் இளமையாக, பயந்த கண்களோடு உட்கார்ந்திருந்தார். நடிப்பென்று உலகம் நினைத்திருக்கும், லோரி வளைவில் திரும்புகிற பயமென்று எங்களுக்குத் தெரியும். அந்த மனிதருக்குக் கார்கூட ஓட்டத் தெரியாதாம். ஒரு மணி நேரம் ஆயிற்று. வானத்தின் நடுவில் இன்ஜின் நின்றுபோனது. மச்சான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

திரையில் இரண்டு கைகள் வந்தன. முழங்கை வரைக்கும்தான் தெரிந்தது. பழுப்பு நிறத் தோல் கையுறை. இரண்டும் விமானத்தின் கைப்பிடியைப் பிடித்திருந்தன. எந்த மனிதனின் கையாகவும் இருக்கலாம். நான் வாயைத் திறந்தேன், டயர் வசனத்தை எடுத்துவிடத் தயாராக.

அப்போது வலது கை பிடியை விட்டது. விரல் நுனியால் அந்தக் கைப்பிடியை மெல்லத் தொட்டது. தொட்ட கை மேலே எழும்பித் திரையை விட்டு வெளியே போயிற்று. ஒரு மூச்சு நேரம் கழித்துத் திரும்பி வந்தது. எதிரேயிருந்த ஒரு மீட்டரின் கண்ணாடியை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டியது. டக், டக். பிறகுதான் இன்ஜின் சுவிட்சுக்குப் போனது.

என் வாய் திறந்தபடியே இருந்தது.

விவரம் தெரியாத கிஷன்தான் பேசினான். சிரித்துக்கொண்டே வாணி பக்கம் திரும்பி, "ஏய், இது நீ பண்றதுதானே?" என்றான். "கார்ல ஏறினதும் ஸ்டீரிங்கைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு, டேஷ்போர்டுல ரெண்டு தட்டு. எதுக்குன்னு கேட்டா, தெரியல, பழக்கம்னு சொல்வியே. அச்சு அசலா அதே மாதிரி இருக்கு."

வாணியின் காரில் மீட்டர் முள்ளே கிடையாது, எல்லாம் எண்கள். எதற்குத் தட்டுகிறோம் என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. அப்பா தட்டினார், அவளும் தட்டினாள். இப்போது அவள் தன் வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவர் கையை எடுத்து அதையும் பார்த்தாள்.

"அப்பா," என்றாள்.

மச்சான் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நான் இதையா செஞ்சேன்? எனக்கே தெரியாதே," என்று முணுமுணுத்தார். "தம்பி, இன்னொரு தரம் போடு." கிஷன் போட்டான். ஏழு தடவை பார்த்தோம். ஏழு தடவையும் தட்டுகிற இடத்தில் குமுதா அக்கா கண்ணைத் துடைத்தாள். வெங்காயம் நறுக்கினேன் என்றாள். சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நிஜத்தைத் தவிர வேறு எதையும் சொல்லாத ஒரு மனிதரை ஊரெல்லாம் புளுகராக்கி வைத்தவன் நான். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மீசையைத் தடவிக்கொண்டிருந்தேன். நல்லவேளை, கிஷன் வேறொன்றைப் போட்டான். படத்தோடு ஃபென்விக்கின் பேட்டி ஒன்றும் இருந்தது. நரைத்த தலை, மடியில் ஒரு பூனை. பேட்டி எடுக்கிற பெண் அந்தக் கை அசைவைப் பற்றிக் கேட்டாள். உலகமே வியந்த காட்சியாம், நடிப்புப் பள்ளிகளில் போட்டுக் காட்டுகிறார்களாம். ஃபென்விக் பூனையைத் தடவினார். அது அந்த நொடியில் உள்ளேயிருந்து தானாக வந்தது என்றார். அவருடைய தாத்தா குதிரையில் ஏறும்முன் அப்படித்தான் செய்வாராம்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "குதிரைக்கு ஏதுடா டீசல் மீட்டர்?" என்று டிவியைப் பார்த்துக் கத்தினேன். "புளுகு மூட்டை. அண்டப்புளுகன். செத்தும் பொய் சொல்றான் பாருங்க மச்சான். கடுதாசி எழுதுவோம், அந்த ஊர்ப் பத்திரிகையில போடச் சொல்லுவோம்."

"உட்காரு லோகன்," என்றார் மச்சான். அவர் முகத்தில் கோபமே இல்லை. "அந்த முள்ளு குத்தி அந்தாளு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சின்னப் பிள்ளை மாதிரி அழுதாரு. ஏதோ ஒண்ணு சொல்லிட்டுப் போறாரு, விடு. முகம் அவருதுதானே."

அந்த நிமிடத்தில் அவர் எத்தனை பெரிய மனிதர் என்று பட்டது. அடுத்த நிமிடமே, "உன் மீசை விஷயம் என்னாச்சு?" என்று கேட்டார்.

மறுநாள் என் கடையிலேயே நடந்தது. நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன், ஒத்துக்கொள்ளவில்லை. வாணி அவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். என்னை என் நாற்காலியிலேயே உட்காரவைத்து, என் துணியையே கழுத்தில் கட்டி, என் மெஷினைக் கையில் எடுத்தார் மச்சான். அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு விரல் முட்டியால் என் நெற்றியில் டக் டக் என்று தட்டினார்.

"அங்க ஒண்ணும் இல்ல, மீட்டர் காலிதான்," என்றார். வரிசையில் உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவருக்குக் கிடைக்க வேண்டிய சிரிப்பு, வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

நிச்சயதார்த்தம் பண்டமாரான் வீட்டிலேயே நடந்தது. தட்டு மாற்றி முடித்து, பந்தி நடந்துகொண்டிருந்தது. மச்சான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார், விமானம் என்ற சொல்லையே எடுக்கவில்லை. மலர்விழி டீச்சர் பருவநிலையைப் பற்றிப் பேசினார், இவர் செடிகளைப் பற்றிப் பேசினார். பாயாசம் வந்தபோது வாணியே எழுந்து வந்து டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆன்டி, எங்க அப்பா இங்கிலீஷ் படத்துல நடிச்சிருக்காரு தெரியுமா?"

கதையைச் சொன்னாள். லோரியில் ஆரம்பித்தாள், முள்ளுக்கு வந்தாள், கையுறை வரைக்கும் ஒழுங்காகத்தான் போயிற்று. கேட்பவர் கண் விரிந்ததும் பிள்ளைக்குக் குஷி வந்துவிட்டது. லோரி காணாமல் போனது, விமானத்துக்கு வால் முளைத்தது. கேரி தீவுக்கு மேலே பறந்து, கடல் பக்கம் திரும்பி, ஃபென்விக் மயங்கிச் சாய்ந்ததும் அப்பா தனி ஆளாக அதைத் தோட்டத்துச் சாலையில் இறக்கினார். மச்சான் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நானோ வாணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவைப் பற்றி அவள் இப்படித் தலை நிமிர்ந்து பேசி நான் கேட்டதில்லை.

மலர்விழி டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். பந்தியில் உள்ள எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பார்வையை நேராக என்னிடம் கொண்டுவந்து நிறுத்தினார். மீசை போனதிலிருந்து என் முகம் பொய் சொல்லாத முகமாகத் தெரிகிறது போலும்.

"நீங்க சொல்லுங்க. இதெல்லாம் உண்மையா?"

1984-இல் எனக்குப் பதினேழு வயது. பிரிக்ஃபீல்ட்ஸைத் தாண்டி எங்கேயும் போனதில்லை. சுகுமாறன் என்று ஒருவர் இருப்பதே எனக்குத் தெரியாது.

"உண்மைதாங்க டீச்சர்," என்றேன். "நான் நேர்லயே நின்னு பார்த்தேன். செம்பனை மட்டை உரசற மாதிரி இறங்குச்சு. இறங்கினதும் கேமராக்காரங்க எல்லாரும் கைதட்டினாங்க, நானும் தட்டினேன்."

டீச்சர் மச்சானைத் திரும்பிப் பார்த்து, முதல் தடவையாகக் கை கூப்பினார். மச்சானும் கூப்பினார். பிறகு என் பக்கம் சாய்ந்து, காதோடு காதாக, உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொன்னார்:

"லோகன், இப்படியெல்லாம் பொய் சொல்லக் கூடாது லா."